வாடகைச் சுவரும் விசுவாசியின் உண்மையும்



சமையலறைச் சுவரில் ஓர் இரும்புத் தகட்டைப் பொருத்தி, கத்தி, கத்தரிக்கோல், மசாலா டப்பிகள் ஆகியவற்றைக் காந்தத்தால் ஒட்டிவைக்கும் வழக்கம் நம் குடும்பங்களிலும் பரவி வருகிறது. இடம் குறைந்த சமையலறைக்கு அது பெரிய உதவி. ஆனால் வாடகை வீட்டில் குடியிருப்போர் இரண்டு விதமாகத் தயங்குகிறார்கள். "நம் சொந்த வீடா இது? எதற்கு வீண் செலவு?" என்பது ஒரு தயக்கம். "சுவரில் துளையிட்டால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்களே" என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் வேத வெளிச்சத்தில் நிதானித்துப் பார்ப்பது நல்லது.

முதல் தயக்கத்துக்கு என் பதில்: தாராளமாகப் பொருத்துங்கள். அப்போஸ்தலர் 28:30-ஐ வாசித்துப் பாருங்கள். பவுல் ரோமாபுரியில் இரண்டு வருடங்கள் வாடகை வீட்டில்தான் குடியிருந்தார். காவலில் இருந்தபோதிலும், தம்மைத் தேடி வந்த அனைவரையும் அங்கே வரவேற்றார். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய நிருபத்தையும் (எரேமியா 29) நினைத்துப் பாருங்கள். எழுபது வருடங்களுக்குப் பின் திரும்பி வருவார்கள் என்ற வாக்குத்தத்தம் அதில் உண்டு. எனினும் அதுவரை அந்நிய மண்ணிலேயே வீடு கட்டவும் தோட்டம் போடவும் கட்டளையும் உண்டு. "சொந்த வீடு கட்டியபின் ஒழுங்காக வாழ்வோம்" என்று பிரிக்கப்படாத அட்டைப்பெட்டிகளின் நடுவே பத்து வருடங்களைக் கழிப்பது பரதேசிக்குரிய மனத்தாழ்மை அன்று. தேவன் இன்று தந்த நாளைத் தள்ளிவைப்பதாகும்.

இரண்டாவது தயக்கம் இன்னும் ஆழமானது. சுவர் மற்றொருவருடையது. பிறர் பொருளை நாம் கையாளும் விதத்தைக் கொண்டே நம் உண்மை அளக்கப்படும் என்பதை லூக்கா 16:12-இல் ஆண்டவர் உணர்த்துகிறார். வீட்டைக் காலி செய்யும் நாளில் ஆணித் துளைகளைப் பற்பசையால் அடைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவர்போலச் சாவியைக் கொடுத்துப் போவோர் நம்மிடையே உண்டு. அதைச் சாமர்த்தியம் என்று சிரித்துப் பேசவும் செய்கிறோம். அது ஏமாற்று என்பதே என் துணிபு. சுவர் சிறியதாயிருக்கலாம், வீட்டுக்காரர் கிறிஸ்துவை அறியாதவராக இருந்தால், அவர் வாசிக்கும் முதல் சுவிசேஷம் அந்தச் சுவரே.

ஆகவே தகட்டை வாங்குமுன் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். சுவரின் படத்தை அனுப்பி, அவருடைய சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள். துளையிடாத வழியை முதலில் தேடுங்கள். பல குளிர்சாதனப் பெட்டிகளின் பக்கவாட்டுத் தகடே காந்தத்தை ஏற்கும். வழவழப்பான டைல்ஸ்மேல் இருபக்கம் ஒட்டும் டேப் நன்கு பிடிக்கும். சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ பூசிய சுவரில் பூச்சோடு உரிந்து விழும். 60 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 1 மி.மீ. கனமும் உள்ள இரும்புத் தகடு மட்டுமே 2 கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ளது. அதன்மேல் கத்திகளும் இருக்குமாதலால், குழந்தைகள் உள்ள வீட்டில் அரைகுறையாக ஒட்டிவைக்காதீர்கள். துளையிட அனுமதி கிடைத்தால், டைலின் நடுவே இடாமல் இரு டைல்களின் இணைப்பில் இடுங்கள். பின்னர் வெள்ளைச் சிமெண்டால் அடைத்துவிடலாம். எவர்சில்வர் தகடுகள் பலவற்றில் காந்தம் ஒட்டாது. கடைக்குப் போகும்போது ஒரு காந்தத்தைக் கையோடு கொண்டுசெல்லுங்கள்.

வீட்டுக்காரர்களாயிருக்கும் விசுவாசிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கடன் கொடுத்தவன்கூட அடகு வாங்கக் கடனாளியின் வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்கவேண்டும் என்கிறது நியாயப்பிரமாணம் (உபாகமம் 24:10-11). எளியவனுடைய வாசலுக்குத் தேவன் அவ்வளவு கனம் கொடுத்தார். அப்படியிருக்க, நான்கு துளைகளுக்காக வீடு முழுவதற்கும் வண்ணம் பூசும் செலவை அட்வான்ஸில் கழிப்பது எவ்விதத்தில் நியாயம்? துளையை அடைக்க ஆகும் கூலியை மட்டும் பெற்றுக்கொள்ளுங்கள். முறையாகக் கேட்பவருக்கு மனமுவந்து அனுமதி கொடுங்கள்.

லேவியராகமம் 25:23-இன்படி தேசம் கர்த்தருடையது. அதில் காணி பெற்ற இஸ்ரவேலரும் அவர் முன்பாகக் குடியிருப்போரே. பத்திரம் வைத்திருப்பவரும் வாடகை கொடுப்பவரும் ஒரே எஜமானுக்குக் கணக்குக் கொடுக்கவேண்டியவர்கள்.

ஜெபம்: பரலோகப் பிதாவே, எங்கள் கையில் ஒப்புவிக்கப்பட்ட பிறர் பொருளில் எங்களை உண்மையுள்ளவர்களாகக் காத்துக்கொள்ளும். நாங்கள் விட்டுச்செல்லும் சுவர்களும் உமக்குச் சாட்சியாக இருப்பதாக. இயேசுவின் நாமத்தில், ஆமென்.