மனம் ஒப்பும் நற்சொல்

மாதத் தவணை தவறிய பிறகு கைப்பேசி ஒலித்தாலே நெஞ்சு படபடக்கிறது. வங்கியிலிருந்து வந்த கடிதம் பிரிக்கப்படாமலேயே மேசை இழுப்பறைக்குள் போகிறது. கிளை இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியில் நடக்கிறோம். அவ்வேளையில் நமக்கு நாமே சொல்லிக்கொள்வதைச் சற்றுக் கவனித்தால், அது பெரும்பாலும் வசையாகவே இருக்கும்: ‘உனக்குக் கணக்கும் தெரியாது, கட்டுப்பாடும் கிடையாது.’ பிறர் சொன்னால் பொறுக்கமாட்டாத சொற்களை நம்மீது நாமே நாள்தோறும் எறிந்துகொள்கிறோம்.

இதற்கு மாற்றாக, நல்ல சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளுமாறு அறிவுறுத்துவோர் பலர். இது புதிய யோசனை அன்று. நாளுக்கு நாள் எல்லா வகையிலும் மேம்பட்டு வருவதாகக் காலையும் இரவும் இருபது முறை சொல்லிக்கொள்ள வேண்டும் என்றார் பிரான்சு நாட்டு மருந்தாளுநர் எமில் கூயே. எண்ணிக்கை தவறாதிருக்க இருபது முடிச்சிட்ட கயிற்றையும் அவர் பரிந்துரைத்தார். 1920களில் அவருடைய புகழ் கடல் கடந்து பரவியது.

சொல்லுக்கு ஆற்றல் உண்டு என்பதில் நமக்கு ஐயமில்லை; எந்தச் சொல்லுக்கு என்பதே கேள்வி. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக உளவியலாளர் ஜோன் வுட்டும் அவருடைய குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கருதத்தக்கது. தாம் அன்புக்குரியவர் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டபோது, தன்மதிப்பு மிக்கவர்கள் சிறிதளவே பயன் பெற்றனர். தன்மதிப்புக் குறைந்தவர்களோ, அவ்வாறு சொல்லாதவர்களைவிட அதிகமாகச் சோர்ந்தனர். வாய் ஒன்று சொல்ல, மனம் எதிர்ச்சான்றுகளை அடுக்குகிறது. கடன் சுமையில் இருப்பவர் ‘நான் செல்வந்தன்’ என்று கண்ணாடி முன் நூறு முறை சொன்னாலும், பாஸ்புக்கின் கடைசி வரி அதை மறுத்துக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் மனம் மறுக்காத சொல் எது? அமெரிக்காவின் நியூஜெர்சியில், ஏழைகளுக்கு உணவளிக்கும் கூடம் ஒன்றில் நடந்த ஆய்வு இதற்கு வழிகாட்டுகிறது. தாம் பெருமைப்பட்ட ஒரு பழைய நிகழ்வை வாய்விட்டுச் சொல்லுமாறு அங்கு வந்தோரில் சிலரிடம் கேட்டனர். அவ்வாறு சொன்னவர்கள் பின்னர் அறிவுத்திறன் சோதனைகளில் மற்றவர்களைவிடச் சிறப்பாகச் செய்தனர். தங்களுக்குரிய அரசு உதவிகள் பற்றிய தாள்களையும் கூடுதல் ஆர்வத்துடன் எடுத்துச் சென்றனர். 2014இல் வெளியான இவ்வாய்வு நமக்கு உணர்த்துவது இதுதான்: வறுமை பையை மட்டும் காலியாக்குவதில்லை, மதிப்பையும் குலைக்கிறது. அந்த மதிப்பு சற்றே மீண்டால், உதவி கேட்கும் துணிவும் மீள்கிறது.

ஆகவே, வரப்போகும் வெற்றியைப் பறைசாற்றுவதைவிட, நடந்த உண்மையை நினைவுகூர்வதே மேல் என்பது நம் கருத்து. ‘தங்கையின் படிப்புக்காக வாங்கிய கடனை முழுவதும் அடைத்தவன் நான், இன்று அந்தக் கடிதத்தைப் பிரிப்பேன்.’ இச்சொல்லை மனம் மறுக்க இயலாது. முற்பாதி நடந்தது, பிற்பாதி இன்றைக்கே செய்யக்கூடியது.

நற்சொல் வட்டியைக் குறைக்காது. வேலையிழப்பையும் நோயையும் நீக்காது. துன்பத்துக்குக் காரணம் உங்கள் எண்ணமே என்று நொந்தவரிடம் கூறுவது கொடுமை. சொல் செய்யக்கூடியது ஒன்றே: கிளையின் படியேறி, தவணையை மாற்றியமைக்க வழி உண்டா என்று தலை நிமிர்ந்து கேட்க வைக்கும். முகப்பின் மறுபுறம் அமர்ந்திருப்போருக்கும் இதில் கடமை உண்டு. கேட்க வந்தவரின் மதிப்பைக் குலைக்காத ஒரு சொல், அவர் தமக்குள் நூறு முறை சொல்லிக்கொண்டதற்கு ஈடாகும்.

சோர்வு நாள்கணக்கில் நீடித்து உறக்கத்தையும் உணவையும் கெடுக்குமானால், தனியே போராட வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். மற்றவர்களுக்கு அந்த இழுப்பறைக் கடிதம் காத்திருக்கிறது. உண்மையான ஒரு நற்சொல்லைச் சொல்லிவிட்டு, அதை இன்றே பிரிப்போம்.