உயிர் காக்கும் வண்டியில் செருக்கு எதற்கு?



செருக்கு எங்கும் தீயதே. அலுவலகத்தில் ஒருவர் செருக்குற்றால் பக்கத்து மேசைக்காரரின் மனம் புண்படும், அவ்வளவுதான். ஆம்புலன்ஸில் ஒருவர் செருக்குற்றால் படுத்திருப்பவரின் உயிருக்கே கேடு சூழும். ஆகவே இதை நற்பண்பு பற்றிய பேச்சாக நான் கருதவில்லை. மருத்துவம் பற்றிய பேச்சாகவே கருதுகிறேன்.

2005-ஆம் ஆண்டு ஐதராபாத்தில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் பணி இன்று பல மாநிலங்களில் நடைபெறுகிறது. அந்த வண்டியில் வருவோர் பெரும்பாலும் இருவர்: ஓட்டுநர் ஒருவர், முதலுதவி செய்யும் மருத்துவ உதவியாளர் ஒருவர். மருத்துவமனை வாயிலில் நர்சும் டாக்டரும் சேர்கிறார்கள். படிப்பு வேறு, ஊதியம் வேறு, உடையும் வேறு. செருக்கு முளைக்க இதைவிட நல்ல நிலம் வேண்டுமா? "வண்டியை ஓட்டுவதோடு நிறுத்திக்கொள்" என்று உதவியாளர் ஓட்டுநரை அடக்குகிறார். "நீ என்ன டாக்டரா?" என்று வாயிலில் நிற்பவர் உதவியாளரை அடக்குகிறார். அடக்கப்பட்டவர் மறுமுறை வாய் திறப்பதில்லை. நோயாளி எவ்வளவு நேரம் நினைவிழந்து கிடந்தார், வழியில் என்ன மருந்து பெற்றார் என்பன எல்லாம் அந்த மௌனத்தில் புதைந்துபோகின்றன.

இந்தப் பாடத்தை விமானத்துறை பெருவிலை கொடுத்துக் கற்றது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குரிய டெனரீப் தீவில் இரண்டு விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டனர். மற்ற விமானம் பாதையைவிட்டு விலகிவிட்டதா என்று பொறியாளர் ஐயுற்றுக் கேட்டார். தலைமை விமானி அந்த ஐயத்தைத் தள்ளிவிட்டார். மூடுபனியும் வானொலிக் குழப்பமும் காரணங்களே. ஆனால் அந்த ஒரு கேள்விக்குச் செவிசாய்த்திருந்தால்? இத்தகைய விபத்துகளுக்குப் பின்னரே, இளையவர் ஐயத்தைச் சொல்லவும் மூத்தவர் அதைக் கேட்கவும் பயிற்சி தரும் முறை வளர்ந்தது. மருத்துவமும் அதை ஏற்றது. 2008-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைப் பட்டியல், கத்தியை எடுக்குமுன் அனைவரும் தம் பெயரையும் பணியையும் சொல்லவேண்டும் என்கிறது. பெயர் சொன்னவருக்குப் பேசவும் துணிவு வரும் அல்லவா?

செருக்கரைப் பொறுத்துப்போ என்பார் சிலர். பதிலுக்குப் பதில் கொடு என்பார் சிலர். இரண்டையும் நான் ஏற்கவில்லை. வண்டி ஓடும்போது சண்டை வேண்டாம், மௌனமும் வேண்டாம். கண்டதைச் சொல்லுங்கள்: "நாடி தளர்கிறது, மூச்சு திணறுகிறது." கேட்கவில்லையா? மீண்டும் உரக்கச் சொல்லுங்கள். மருந்து கொடுக்கச் சொன்னால் பெயரையும் அளவையும் திருப்பிச் சொல்லுங்கள். நோயாளியை ஒப்படைத்த பிறகு அவரைத் தனியே அழைத்துப் பேசுங்கள். அவர் குணத்தைப் பற்றியன்று, அன்று அவர் செய்ததைப் பற்றி. அதன் பின்னும் நோயாளிக்குத் தீங்கு தொடர்ந்தால் மேலதிகாரிக்கு எழுதிக் கொடுங்கள். அது கோள் சொல்வதன்று, கடமை.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். உயிர் ஊசலாடும் நேரத்தில் உபசாரச் சொற்களுக்கு இடமில்லை. கடிந்து கட்டளையிடுவோர் எல்லாம் செருக்கர் அல்லர். கேள்வி எழுந்தால் செவி கொடுக்கிறாரா? அதுவே உரைகல்.

நம்முள் சிலர் நாளை டாக்டராகவோ நர்சாகவோ அந்த வாயிலில் நிற்கப்போகிறோம். வண்டியிலிருந்து இறங்கும் ஓட்டுநர் ஏதோ சொல்ல வாயெடுப்பார். அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்போமா?