ஸ்பீக்கரை மாத்தாதீங்க சாமி, சுவரைப் பாருங்க!

போன வியாழக்கிழமை மத்தியானம் எங்கள் செமினார் ஹாலில் ஒரு கெஸ்ட் லெக்சர். வந்தவர் நல்ல பேச்சாளர், விஷயம் தெரிந்தவர். ஆனால் எட்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டதெல்லாம் "வவ்வவ் வவ்வாவ் ப்ராசஸ் வவ்வவ் தேங்க்யூ" மட்டும்தான். பக்கத்தில் இருந்த நண்பன் ஒவ்வொரு அஞ்சு நிமிஷத்துக்கும் "மச்சான், என்னடா சொன்னாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். நானும் தெரிந்த மாதிரியே தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஹி ஹி.

இதில் சிரிக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. அவன் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். வெளியே வந்ததும், "எனக்கு இங்கிலீஷ் பத்தாதுடா, அதான் புரியல. இனிமே இதுக்கெல்லாம் வரல" என்றான். அன்று ராத்திரி, மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தன் போனில் பதிவு செய்திருந்ததை வாங்கி, ஹாஸ்டலில் இயர்போன் போட்டுக் கேட்டோம். ஒரு மணி நேரமும் அவனுக்குப் புரிந்தது. நான் தவறவிட்ட ஒரு பாயிண்ட்டை அவன்தான் எனக்கு விளக்கினான்.

அதே பேச்சு, அதே ஆங்கிலம், அதே காது. நடுவில் மாறியது ஒன்றே ஒன்றுதான்: அறை.

சரி, இதற்கு நிர்வாகம் என்ன முடிவு எடுத்திருக்கிறது தெரியுமா? "சவுண்ட் பத்தலைன்னு கம்ப்ளெயின்ட் வருது, புது ஸ்பீக்கர் வாங்கிடலாம்." கொட்டேஷன் கேட்டாச்சாம். இந்தப் பதிவு அந்த முடிவுக்கு எதிரானது.

சத்தம் வேறு, தெளிவு வேறு

தமிழில் ஒரு சின்னச் சோதனை. படம், பணம், பதம், பயம், பலம், பழம். ஆறு சொல்லுக்கும் முதலும் முடிவும் ஒன்றுதான். நடுவில் வரும் ஒரே ஒரு மெய்தான் அர்த்தத்தைத் தீர்மானிக்கிறது. பேச்சில் உயிரொலிகள் நீளமானவை, பலமானவை. மெய்யொலிகளில் பெரும்பாலானவை குட்டியானவை, பலவீனமானவை. கல்யாண மண்டபத்தில் மைக்கில் ஒருவர் பேசும்போது "ஆ... ஓ... ஆ" என்று மட்டும் கேட்கிறதே, ஏன்? முன்னால் வந்த உயிரொலி சுவரிலும் கூரையிலும் மோதி மோதித் திரும்பி வந்து, பின்னால் வரும் மெய்யை மூடிவிடுகிறது. உயிர் இருக்கிறது, மெய்யைக் காணோம்.

இதற்குப் பெயர் எதிர்முழக்கம். ஒலி நின்றபிறகு அது 60 டெசிபல் குறைய, அதாவது அதன் சக்தி பத்து லட்சத்தில் ஒரு பங்காகத் தேய, எத்தனை நொடி ஆகிறது என்பதே அதன் அளவு. இதைக் கணக்காக்கியவர் வாலஸ் சபைன். 1895-இல் ஹார்வர்டில் ஃபாக் கலைக்கூடத்து விரிவுரை அறையில் பேச்சு புரியவில்லை என்று புகார். இளம் இயற்பியல் ஆசிரியரான அவரிடம் சரிசெய்யச் சொன்னார்கள். காலி அறையில் ஒலி அடங்க ஐந்தரை நொடி ஆனது. பக்கத்து சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து அறையில் பரப்பி, ஆர்கன் குழாயை ஊதி, ஒலி எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டும்! அந்த உழைப்பில் வந்ததுதான் சபைன் சூத்திரம். 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்பனி ஹால் அந்தக் கணக்கை வைத்து வடிவமைக்கப்பட்டது. இன்றும் உலகின் மிகச் சிறந்த இசை அரங்குகளில் ஒன்று.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சூத்திரத்தை நாங்கள் முதல் வருஷ பிசிக்ஸில் மனப்பாடம் பண்ணி எழுதியிருக்கிறோம். எங்கே உட்கார்ந்து படித்தோம் என்று கேட்காதீர்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

எதிர்முழக்க நேரம் = 0.161 × அறையின் கன அளவு ÷ மொத்த ஒலி உறிஞ்சல். அவ்வளவுதான். எங்கள் ஹால் தோராயமாக 20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம். கன அளவு 1200 கன மீட்டர். தரை கிரானைட், சுவர் சிமென்ட் பூச்சு, கூரை கான்கிரீட். எல்லாம் சேர்த்து 800 சதுர மீட்டர். இந்த மாதிரிப் பரப்புகள் தம்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கைத்தான் விழுங்கும். மூன்று என்றே வைத்தால் 24 அலகு. பிளாஸ்டிக் நாற்காலி, மேசை எல்லாவற்றுக்கும் தாராளமாக ஒரு 6. ஆக 30. காலி ஹாலின் எதிர்முழக்கம் 6.4 நொடி!

மனிதர்கள் நல்ல உறிஞ்சிகள். ஆளுக்கு 0.45 என்று வைத்தால், வியாழக்கிழமை வந்த 60 பேருக்கு 27. மொத்தம் 57. நேரம் 3.4 நொடி. நாம் நொடிக்கு நாலைந்து அசை பேசுகிறோம். 3.4 நொடி என்றால், அடுத்த அசை வரும்போது முந்தைய அசை பாதி அளவுக்குத்தான் தேய்ந்திருக்கும். அதற்கு முந்தையதும் இன்னும் மிச்சம் இருக்கும். ஒரு சிலேட்டில் அழிக்காமலே மேலே மேலே எழுதிக்கொண்டு போவது போல.

இப்போது அதே சுவர்களிலும் கூரையிலும் 150 சதுர மீட்டருக்கு, துணி போர்த்திய ராக் வூல் பலகைகளை மாட்டுங்கள். விழும் ஒலியில் 80 சதவீதம் விழுங்கினால் 120 அலகு. மொத்தம் 177. நேரம் 1.1 நொடி. அடுத்த அசை வரும்போது முந்தைய அசை பன்னிரண்டில் ஒரு பங்காகிவிட்டிருக்கும். எல்லாம் தோராயக் கணக்குதான், ஆனால் வித்தியாசம் தோராயமானதல்ல.

புது ஸ்பீக்கர் ஏன் காப்பாற்றாது?

ஸ்பீக்கரிலிருந்து உங்களுக்கு இரண்டு வகை ஒலி வருகிறது. ஒன்று நேராக வருவது. தள்ளிப் போகப் போகக் குறையும். இன்னொன்று சுவர்களில் மோதிச் சுற்றி வருவது. அது ஹால் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் நிரம்பியிருக்கும். இரண்டும் சமமாகும் ஒரு தூரம் உண்டு. அதைத் தாண்டி உட்கார்ந்தால் நீங்கள் கேட்பது பேச்சாளரை அல்ல, சுவரை. எங்கள் ஹாலில் எல்லாப் பக்கமும் ஒலி சிதறும் சாதாரணப் பெட்டிக்கு அந்தத் தூரம் சுமார் ஒரு மீட்டர். ஒலியை ஒரே திசையில் குவிக்கிற நல்ல பெட்டிக்கு மூன்று, மூன்றரை மீட்டர். எட்டாவது வரிசை எங்கே இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது வால்யூமைக் கூட்டுங்கள். நேர் ஒலி கூடும். சுவர் ஒலியும் அதே விகிதத்தில் கூடும். விகிதம் மாறவே மாறாது. குழம்பில் உப்பு அதிகமாகிவிட்டது என்று அதே குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றுவது போல.

இன்னொரு வழக்கம், பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று பக்கச் சுவர்களில் இரண்டு பெட்டி கூடுதலாக மாட்டுவது. ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர்தான் போகும். பின்வரிசைக்காரனுக்குப் பக்கத்துப் பெட்டியின் ஒலி முதலில் வரும். 17 மீட்டர் தள்ளி மேடைப் பக்கம் இருக்கும் பெட்டியின் ஒலி 50 மில்லி செகண்டு கழித்து வரும். சுமார் 30 மில்லி செகண்டுக்குள் வரும் பிரதியைக் காது முதல் ஒலியோடு சேர்த்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் சொல் இரண்டாக உடைய ஆரம்பிக்கும். பின்பெட்டிக்குப் போகும் ஒலியை வேண்டுமென்றே தாமதப்படுத்தி அனுப்பினால் இது சரியாகும். நான் பார்த்த ஹால்களில் அதை யாரும் செய்து வைத்ததில்லை.

ஸ்பீக்கரே முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. ஒலியைக் குவிக்கும் பெட்டிகள் நிச்சயம் உதவும். ஆனால் அது இரண்டாவது வேலை. ஓட்டை வாளிக்குப் புது பம்ப் செட் வாங்குவதை முதல் வேலை என்று சொல்லக்கூடாது.

ஹாஸ்டல் ஆடியோ புலிகளுக்கும் ஒரு வார்த்தை

"இந்த வயர் போட்டா பாஸ் சும்மா அதிரும்" என்று சண்டை போடும் கோஷ்டி எங்கள் பிளாக்கிலும் உண்டு. பத்தடி அறையில், எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் ஒலி நிலையலையாக நிற்கும். போனில் 56 ஹெர்ட்ஸ் ஒலியைப் போட்டு, பாஸ் வருகிற ஸ்பீக்கரில் இணைத்து, சுவர் ஓரத்திலிருந்து அறை நடுவுக்கு நடந்து பாருங்கள். ஓரத்தில் இடிக்கும், நடுவில் காணாமல் போகும். வயரை மாற்றாமலே, நாற்காலியை இரண்டடி நகர்த்தி "புது ஸ்பீக்கர்" வாங்கலாம். ஃப்ளாய்ட் டூல் என்ற ஆராய்ச்சியாளர் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்துவைத்துக் கேட்கச் செய்து பல வருஷம் சோதனை நடத்தினார். 1994-இல் அவரும் சீன் ஆலிவும் வெளியிட்ட முடிவு: பெட்டி கண்ணில் பட்டால், கேட்பவர் கொடுக்கும் மார்க்கே மாறிவிடுகிறது. நாம் காதால் மட்டும் கேட்பதில்லை, விலைப்பட்டியலாலும் கேட்கிறோம்.

வரப்போகும் எதிர்வாதங்கள்

"அந்தக் காலத்துல மைக்கே இல்லாம பாடம் நடத்தலையா?" நடத்தினார்கள். வகுப்பு சின்னது, ஜன்னல் திறந்திருந்தது. சபைன் உறிஞ்சலை அளக்கத் திறந்த ஜன்னலைத்தான் அலகாக வைத்தார். அதன் வழியே போன ஒலி திரும்பி வராது. நாம் ஏசி போட்டு, ஜன்னலை மூடி, கிரானைட் பதித்து, அதை முன்னேற்றம் என்றோம்.

"கோயில் மண்டபத்தில் நாதஸ்வரம் முழங்கினால் நல்லாத்தானே இருக்கு?" இருக்கும். இசைக்கு எதிர்முழக்கம் அழகு. சிம்பனி அரங்குக்கு இரண்டு நொடி அளவு தேவைகூட. ஆனால் பாடம் நடத்துவது நாதஸ்வரம் இல்லையே! அமெரிக்காவில் 2002-இல் வந்த வகுப்பறைத் தரநிலை, சாதாரண அளவு வகுப்புக்கு 0.6 நொடிக்கு மேல் போகக்கூடாது என்கிறது.

"முட்டை அட்டையோ தெர்மாகோலோ ஒட்டிட்டா சீப்பா முடிஞ்சிடுமே?" தயவுசெய்து வேண்டாம். தெர்மாகோல் ஒலியைப் பெரிதாக விழுங்காது. முட்டை அட்டை கொஞ்சம் கீச்சு ஒலியை மட்டும் தொடும். இரண்டும் நன்றாகத் தீப்பிடிக்கும். ராக் வூல் கல்லை உருக்கி இழையாக்கியது, எரியாது. மேலே போர்த்தும் துணியும் தீப்பிடிக்காத வகையாக இருக்கட்டும்.

கடைசியாக

தாய்மொழியல்லாத மொழியில் கேட்பவனுக்கு எதிர்முழக்கம் இரட்டைத் தண்டனை. ஆங்கிலம் பழகியவன் விழுங்கப்பட்ட மெய்யை ஊகித்து நிரப்பிக்கொள்வான். புதிதாகக் கற்பவனுக்கு அந்த ஊகம் வராது. ஆகவே மோசமான ஹால் எல்லாரையும் சமமாக வதைப்பதில்லை. ஆங்கில மீடியத்தில் படித்துவிட்டு முன்வரிசையில் உட்காருபவனுக்கு லேசான தொந்தரவு, கிராமத்திலிருந்து வந்து பின்வரிசையில் ஒதுங்குபவனுக்கு முழு நஷ்டம். அதைவிடக் கொடுமை, பழியை அவன் தன்மேலேயே போட்டுக்கொள்கிறான்.

கொட்டேஷனில் கையெழுத்துப் போடும் முன், நிர்வாகத்தில் யாராவது ஒருவர் காலி ஹாலின் நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டிப் பார்க்கட்டும். அந்த ஒலி எப்போது நிற்கிறது என்று எண்ணட்டும். மேலே போட்ட கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி மனுவாக்கியிருக்கிறேன். நாளை மதியம் கேன்டீனில் இருப்பேன், கையெழுத்துப் போட வாருங்கள். முதல் கையெழுத்து ஏற்கெனவே விழுந்தாச்சு. "இனிமே வரல" என்றவனுடையதுதான்.