மஞ்ச இலையும் மண்ணாங்கட்டி வைத்தியமும்

ஆணி அதிகம். அதனால ரெண்டு மாசமா இந்தப் பக்கமே வரல. இன்னைக்கும் வந்திருக்க மாட்டேன். நேத்து ராத்திரி ஒரு நண்பர் அவர் வீட்டு ஆர்க்கிட் போட்டோவ அனுப்பி, "இலை மஞ்சளாகுது, என்ன பண்ணலாம்?"னு எங்க குழுவுல கேட்டிருந்தார். நான் பாக்குறதுக்குள்ள ஆளாளுக்கு வைத்தியம் சொல்லி முடிச்சிட்டாங்க. எப்சம் உப்பு போடு, அரிசி கழுவின தண்ணிய விடு, வாழப்பழத் தோல ஊற வை, சாணிய கரைச்சு ஊத்து... ஒருத்தர்கூட "வேர பாத்தியா?"ன்னு கேக்கல. வந்துச்சே கோவம்! அதான் இந்தப் பதிவு.

முதல்ல என் யோக்கியதைய சொல்லிடறேன். நான் மூணு ஆர்க்கிட்ட கொன்னவன். ரெண்டு, திருவனந்தபுரத்துல நான் குடியிருக்கற ஃபிளாட்ல. மூணாவது, அருமனையில அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தது.

நல்ல வெள்ளைப் பூ பூத்த ஃபெலனாப்சிஸ் அது. "தினமும் வெள்ளம் விடணும், மறந்திரக் கூடாது"ன்னு அம்மாகிட்ட அதிகாரமா சொல்லிட்டு வந்தேன். அம்மாவும் விட்டாங்க. நாலு மாசத்துல அடி இலை மஞ்சளாச்சு, அப்புறம் மேல இருக்கற இலையெல்லாம் தொளதொளன்னு தொங்கிடுச்சு. "மக்களே, செடிக்கு என்னமோ தீனம் கேட்டியா"ன்னு போன் பண்ணாங்க. நான் பெரிய மேதாவி இல்லையா? "இலை சுருங்குதுன்னா தண்ணி பத்தலைன்னு அர்த்தம். நீங்க சரியா விடல"ன்னு சத்தம் போட்டேன். பாவம், இன்னும் கூடுதலா விட்டாங்க.

அடுத்த லீவுல போய் தொட்டிய கவுத்துப் பாத்தா, உருப்படியா ஒரு வேர்கூட இல்ல. எல்லாம் பழுப்புக் கூழ். விரலால பிடிச்சு இழுத்தா மேல் உறை உருவிக்கிட்டு வந்துடுது, நடுவுல நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் நிக்குது. அம்மா ஒன்னுமே சொல்லல. "எனக்கு கைராசி இல்ல மக்களே"ன்னாங்க. அவ்வளவுதான். முற்றத்துல அவங்க வெச்ச செடி எதுவுமே பட்டதில்ல. அப்படிப்பட்டவங்கள கைராசி இல்லாதவங்கன்னு நம்ப வெச்சது என் அரைகுறை வைத்தியம். அது இன்னைக்கும் உறுத்துது.

சரி, விஷயத்துக்கு வருவோம். நாம வீட்டுல வளக்கற ஆர்க்கிட்ல பெரும்பாலானது மண்ணுல வளர்ற செடியே இல்ல. மரத்து மேல ஒட்டி வளர்றது. வேருக்கு மேல பஞ்சு மாதிரி ஒரு உறை இருக்கும், வெலமன்னு பேரு. மழை பெஞ்சா சட்டுனு தண்ணிய உறிஞ்சிக்கும், அப்புறம் காத்துல காஞ்சிடும். காஞ்ச வேர் வெள்ளி மாதிரி வெளுத்திருக்கும், நனைஞ்ச வேர் பச்சையா தெரியும். தண்ணி வேணுமா வேண்டாமான்னு செடியே கலர் காட்டி சொல்லுது. அத மண்ணுல புதைச்சு தினமும் ஊத்தினா காத்து இல்லாம மூச்சு முட்டி அழுகும். அழுகின வேரால தண்ணி குடிக்க முடியாது. இலை சுருங்கும்.

இப்ப கூத்தப் பாருங்க. தண்ணி பத்தாத செடிக்கும் இலை சுருங்கும், தண்ணி கூடி வேர் அழுகின செடிக்கும் இலை சுருங்கும். ஒரே அறிகுறி, நேர்மாறான ரெண்டு காரணம். போட்டோல இலைய மட்டும் பாத்து எப்படிங்க கண்டுபிடிப்பீங்க? சர்வர் படுத்துடுச்சுன்னா நாங்க மானிட்டரையா தொடச்சிட்டு இருக்கோம்? லாக்க தொறந்து பாக்க மாட்டோமா? ஆர்க்கிட்டுக்கு லாக் ஃபைல் வேர்தான்.

மஞ்சள்னா எல்லாம் ஒரே மஞ்சளும் இல்ல. அடியில ஒரே ஒரு இலை மெதுவா மஞ்சளாகி, மத்ததெல்லாம் விறைப்பா இருந்தா அது வயசு. விட்டுடுங்க. டெண்ட்ரோபியத்துல பழைய தண்டு இலைய உதிர்க்கறதும் பல வகைகள்ல சகஜம். வெயில் படற பக்கம் மட்டும் வெளுத்து, நடுவுல காஞ்ச திட்டு விழுந்தா வெயில் சுட்டிருக்கு. நடுக்குருத்து மஞ்சளாகி, தொட்டா கழண்டு வந்தா குருத்துல தண்ணி தேங்கி அழுகியிருக்கு. நீர் கோத்த மாதிரி திட்டு வந்து நாத்தம் அடிச்சா பாக்டீரியா. அந்த இலைய உடனே வெட்டணும். இதுல எந்த ஒன்னுக்காவது வாழப்பழத் தோல் மருந்தா?

எங்க ஊர்ல இத சின்னப் பையன்கூட புரிஞ்சுக்குவான். சுத்தி ரப்பர் தோட்டம். மார்கழி, தையில ரப்பர் இலை மஞ்சளும் சிவப்புமா மாறி மொத்தமா உதிரும். யாராவது பதறுறாங்களா? தளிர் வரும்னு தெரியும். அதே மரம் ஆனி, ஆடி மழையில இலைய கொட்டினா கத வேற. அது பைட்டோப்தோரா நோய். அதுக்காகவே மழைக்கு முன்னாடி தாமிர மருந்து அடிக்கறாங்க. எப்ப உதிருது, எப்படி உதிருதுன்னு பாத்துதான் முடிவு பண்றாங்க. ஆர்க்கிட்ட கரும்புள்ளியா அழுக வைக்கறதும் அதே பைட்டோப்தோரா இனம்தான். ரப்பருக்கு உள்ள மரியாதைய தொட்டிச் செடிக்கும் குடுத்தா என்னவாம்?

"எங்க வீட்டுல சாணித் தண்ணி விட்டுத்தான் பூக்குது"ன்னு சிலர் சண்டைக்கு வருவீங்க. வேர் நல்லா இருந்தா செடி எதையும் தாங்கும். வேரே இல்லாத செடிக்கு உரம் போடறது, வாயக் கட்டிட்டு விருந்து வைக்கற மாதிரி.

இன்னொன்னு, எனக்கு எதிரான சாட்சியையும் நானே சொல்லிடறேன். வாரத்துக்கு மூணு ஐஸ் கட்டி வைக்கறத நான் ரொம்ப கிண்டல் பண்ணியிருக்கேன். 2017ல அமெரிக்காவுல ஒஹையோ மாநிலப் பல்கலையும் ஜார்ஜியா பல்கலையும் சேந்து வெளியிட்ட ஆய்வுல, மரப்பட்டைத் துண்டுல வளர்ற ஃபெலனாப்சிஸுக்கு அதனால கெடுதல் இல்லைன்னு சொல்லிட்டாங்க. என் கிண்டல வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா யோசிச்சுப் பாருங்க, மூணு ஐஸ் கட்டின்னா எவ்வளவு தண்ணி? அதுவும் வாரம் ஒரு தடவ! நாம குடம் குடமா ஊத்திட்டு உரத்த தேடறோம்.

நண்பருக்கு நான் சொன்னது இதான். தொட்டிய கவுத்துங்க. அழுகினத தீயில காட்டின பிளேடால வெட்டுங்க. கெட்டியான வேர தொடாதீங்க. கரி, ஓட்டுத் துண்டு, ஊற வெச்சுக் கழுவின தேங்கா கதம்பைத் துண்டு போட்டு ஓட்டையுள்ள தொட்டியில வைங்க. நிழல்ல வெச்சு ரெண்டு மூணு நாள் கழிச்சு தண்ணி. புது வேர் வர்ற வரைக்கும் உரம் வேண்டாம்.

அம்மா நாலாவது செடிக்கு சம்மதிக்கவே மாசக்கணக்காச்சு. இந்தத் தடவ வேர் வெளிய தெரியற பிளாஸ்டிக் தொட்டி. மழை நேரா விழாத இறவாணத்துல தொங்குது, எங்களுக்கு ரெண்டு பருவமழையும் உண்டே. போன ஞாயிறு போன்ல தண்ணி விட்டாச்சான்னு கேட்டேன். "வேரு இன்னும் பச்சையாக்கும். வெளுக்கட்டு, பொறவு விடலாம். நீ சும்ம கிட"ன்னாங்க.

சும்மா கிடக்கேன். நீங்களும் அடுத்த தடவ மஞ்ச இலைய பாத்தா கொஞ்ச நேரம் சும்மா கிடங்க மக்கா.