ஜெனீவா ஒப்பந்தமும் ஆலங்குளத்துச் சுளகும்

தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் காய்கறிச் சந்தை. எங்களுக்குப் பீடி. என்னைப் படிக்க வைத்ததே அம்மாவின் மடியிலிருந்த சுளகுதான். இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டிக் கடைக்குக் கொண்டுபோனால், கழிவென்று ஒதுக்கியது போக மிச்சத்துக்குத்தான் கூலி.

அந்தச் சுளகைத் தொடும் உலக ஒப்பந்தம் ஒன்று உண்டு. ஆனால் பல நாடுகள் கூடிப் போடும் ஒப்பந்தங்களால் நமக்கென்ன லாபம் என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகும் ஆணையில் அமெரிக்க அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டபோது, எங்கள் டீக்கடையிலும் கைதட்டியவர்கள் உண்டு. வல்லரசுக்கு அது கட்டுப்படியாகும். சுமார் 35 லட்சம் மக்களே உள்ள உருகுவேக்கு ஆகுமா? சிகரெட் பெட்டியில் எச்சரிக்கையைப் பெரிதாக்கியதற்காக அந்த நாட்டின் மீது சிகரெட் நிறுவனமான பிலிப் மோரிஸ் 2010-ல் வழக்குத் தொடுத்தது. உருகுவேயின் வாதத்துக்குப் பலம் சேர்த்தது, ஜெனீவாவில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை. 2016-ல் உருகுவே வென்றது.

இந்தியா 2004-லேயே அந்த உடன்படிக்கையை ஏற்றுக்கொண்ட நாடு. அதன் 17-ஆவது பிரிவை எங்கள் தெருப் பெண்களுக்காகவே எழுதியதுபோல் இருக்கும்: புகையிலைத் தொழிலாளர்களுக்குக் கட்டுப்படியாகும் மாற்றுத் தொழிலை நாடுகள் ஊக்குவிக்க வேண்டும். ‘பொருத்தமானபடி’ என்று ஒரு சொல்லையும் செருகியிருக்கிறார்கள். அந்தச் சந்தில்தான் எல்லா அரசுகளும் நழுவுகின்றன.

அதே உடன்படிக்கை எச்சரிக்கையையும் கேட்கிறது; 2016 ஏப்ரலில் இந்தியப் புகையிலைப் பாக்கெட்டுகளில் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைப் படம் பிடித்தது. நல்லதுதான், தூள் நெடியில் இருமி இருமியே ஓய்ந்துபோன பெண்களைப் பார்த்து வளர்ந்தவன் நான், பீடிக்கு வக்காலத்து வாங்கமாட்டேன். ஆனால் அடுத்த ஆண்டே, ஜி.எஸ்.டி. வந்த கையோடு, பீடித் தொழிலாளர் நல நிதிக்காக 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வசூலித்துவந்த தனித் தீர்வை போய்விட்டது. படம் வந்தது, நிதிக்கென்று இருந்த வழி அடைபட்டது. இதற்கு ஜெனீவாவைக் குறைசொல்லி என்ன பயன்? செய்தது டெல்லி.

ஒப்பந்தத்தைக் கிழிக்கச் சொல்பவர்கள், அரசைக் கேள்வி கேட்க எங்களுக்கு இருக்கும் ஒரு பிடியையும் பிடுங்குகிறார்கள். எங்கள் எம்.பி. நாடாளுமன்றத்தில் கேட்கட்டும்: கையெழுத்திட்ட நாளிலிருந்து இன்றுவரை, 17-ஆவது பிரிவின்படி எங்கள் மாவட்டத்தில் எத்தனை பெண்களுக்கு வேறு வேலை கிடைத்தது?