கனத்த தோட்டா கைகொடுக்காது

புதிதாகத் துப்பாக்கி ஏந்துகிறவருக்குக் கனத்த தோட்டாதான் பாதுகாப்பு என்ற வாதம் திருவனந்தபுரத்து மலையடிவாரத்துக்குப் பொருந்தாது. மான் வேட்டையை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. மிச்சமிருப்பது மரச்சீனியைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றி. அதைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022 மே மாதம் ஊராட்சித் தலைவர்களுக்கு வழங்கியது.

.315 ரைஃபிளின் குண்டு ஏறக்குறைய 15.8 கிராம், பன்றிக்குத் தாராளம். ஆனால் தோளில் விழப்போகும் உதையை நினைத்தே பழகாத விரல் விசையை வெடுக்கென்று இழுக்கும், கண் மூடும், குண்டு நெஞ்சுக்குப் பதில் வயிற்றில் இறங்கும். காயம்பட்ட பன்றி ரப்பர் தோட்டத்துக்குள் மறையும். விடியுமுன் பால்வெட்டப் போகும் தொழிலாளிதான் அதன் எதிரே நிற்பார். அவரைப் பற்றி அந்த வாதத்தில் ஒரு சொல்லும் இல்லை!

தவறிய ரைஃபிள் குண்டு ஒரு கிலோமீட்டர் தாண்டியும் உயிரெடுக்கும். வீடுகள் நெருங்கிய நெடுமங்காட்டுப் பக்கம் இதை மறக்கலாமா?

12 போர் துப்பாக்கியின் ஒற்றைக் குண்டும் லேசாக உதைக்காது. ஆகவே புதியவர் முதலில் வட்டியூர்க்காவு போன்ற சுடுதளத்தில் உதையே தெரியாத .22இல் காகித இலக்கைச் சுட்டுப் பழகட்டும். பன்றியை நோக்கி அவர் சுடும் முதல் குண்டுக்குப் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும், பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் நிற்க வேண்டும்.