ஓதத்துக்கும் பஞ்சாங்கம் உண்டு

மச்சில் பழுப்புக் கறை படர்ந்து, பரணில் கிடக்கும் பாயிலும் பழைய புத்தகங்களிலும் பூஞ்சை வாடை அடிக்க ஆரம்பித்தால், திருச்சியில் பெரும்பாலான வீடுகளில் எடுக்கும் முடிவு ஒன்றுதான்: மொட்டை மாடிக்கு ஒரு கோட்டிங். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் கறையை மூடும் இந்தப் பழக்கம், ஸ்ரீரங்கத்தின் பழைய வீடுகளைக் காப்பாற்றவில்லை, மெல்ல அரிக்கிறது என்பேன்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் தீவில் ஈரம் மேலிருந்தும் வரும், கீழிருந்தும் வரும். ஆனால் அது வரும் காலம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறப்பார்கள். ஆறு நிறைந்து ஓடும் ஆடியில், மழையே இல்லாதபோது, சுவரின் அடியில் இடுப்புயரத்துக்கு உப்புப் பூத்துக் காரை உதிர்ந்தால் அது தரையிலிருந்து ஏறும் ஓதம். மாடியில் எதைப் பூசினாலும் அது அடங்காது. ஐப்பசி மழை விட்ட மறுநாள் மச்சு நனைந்தால் தளத்தையும், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையையும், மழைநீர்க் குழாயின் வாயையும் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலிலும் காயாத கறை என்றால் மழைமேல் பழி போடுவது வீண். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்துக் காலையில் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். அப்போதும் சந்தேகம் தீராவிட்டால், கறைமேல் ஒரு முழச் சதுரத்துக்கு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடலாம். அறைப் பக்கம் வியர்த்தால் ஈரம் காற்றிலிருந்து வருகிறது. உட்பக்கம் வியர்த்தால் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது.

இந்தத் தேடலைத் தவிர்ப்பதற்கு அதிக விலை கொடுப்பவை மெட்ராஸ் டெரஸ் வீடுகள். தேக்குக் கட்டைகள்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டி இடித்து, மேலே தட்டோடு பதித்த தளம் அது. நனைந்து உலர்வது அதன் இயல்பு. மேலே சிமெண்டோ ரசாயனப் பூச்சோ போட்டு அடைத்தால், ஏற்கெனவே உள்ளே புகுந்த ஈரம் ஆவியாகிப் போக வழியின்றிக் கட்டையில் தங்கும். கட்டையின் முனை சுவருக்குள் செருகியிருப்பதால் அது உளுத்துப்போவது கண்ணில் படாது. கறை மறைந்துவிட்டது என்று வீட்டார் நிம்மதியாக இருக்கும் வருஷங்களில்தான் மரம் மட்கிக்கொண்டிருக்கும்.

மழை கொட்டும்போது ஆராய்ச்சி செய்துகொண்டிருக்க முடியுமா, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாருக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். நியாயம்தான். அவசரத்துக்குத் தார்ப்பாய் விரிப்பதில் தவறில்லை, கான்கிரீட் வீட்டுக்கு நல்ல பூச்சு உதவவும் செய்யும். ஆனால் வாட்டம் சரியில்லாமல் தண்ணீர் தேங்கும் தளத்தில் அந்தப் பூச்சும் நீடிக்காது; கம்பி துருப்பிடித்துப் பருத்து, காரை பெயர்ந்து விழும். 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது பெற்ற அரங்கநாதர் கோயில் திருப்பணியில், வெள்ளம் தேங்காதிருக்கப் பழைய வடிகால்களையும் மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பையும் மீட்டெடுத்தார்கள். முன்னோர் தண்ணீருக்கு விட்டிருந்த வழியைத் திரும்பத் திறந்துவிட்ட வேலை அது. வீட்டு வேலையில் அந்தப் புத்தி எளிதில் வராததற்கு ஒரு காரணம் இருக்கிறது: கூலி சதுர அடிக் கணக்கில் பேசப்படுகிறது. ஊற்றைத் தேடினால், சில வீடுகளில் குழாய் வாயில் அடைத்த ஒரு பிடி வேப்பஞ்சருகை எடுப்பதோடு வேலை முடிந்துவிடும். அதற்கு யார் ரேட் சொல்வார்கள்?